வளர்ந்ததா, தேய்ந்ததா? கடற்கரைக் கல்லில் புதைபடிவத்தை அறிவது

கேள்வி இது: டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு குடும்பம் பள்ளி விடுமுறையில் போர்ட் எட்வர்ட் போய், ஆற்றுக்குத் தெற்கே இம்ஸாம்பா கடற்கரை வரை நடந்திருக்கிறது. பிள்ளைகள் நான்கு கல் பொறுக்கி வந்தார்கள். ஒன்று வட்டமாக, வரிவரியாகச் சுருண்டது. ஒன்று முட்டை மாதிரி. ஒன்றின் மேல் பெரணி இலை வரைந்தது போலக் கறுப்புக் கோடு. நான்காவது முழுக்கத் துளை. இவற்றில் எது கடல் உயிரின் புதைபடிவம், எது வெறும் கல், இனி எப்படிப் பிரித்தறிவது?

கல்லைப் பார்க்கும் முன் அது கிடந்த இடத்துப் பாறையைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. டர்பன் கடற்கரையில் காலில் இடறும் கூழாங்கற்களில் பெரும்பாலானவை ஆறுகள் மலையிலிருந்து உருட்டி வந்தவை. அவற்றின் பிறப்பிடத்தில் கடல் உயிரே கிடையாது. சிவந்த நடால் மணற்கல் ஏறத்தாழ 49 கோடி ஆண்டுப் பழமையானது. அதில் சிப்பி தேடுவது வீண் வேலை. நீலச் சாம்பல் நிறத்தில், உள்ளே பலவகைக் கற்கள் பதிந்திருக்கும் ட்வைக்கா பாறை சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன் பனிப்பாறை அரைத்துக் கொட்டியது. கறுத்த டொலரைட் சுமார் 18 கோடி ஆண்டுக்கு முன் பூமிக்குள்ளிருந்து உருகி ஏறிய குழம்பு. டிராக்கன்ஸ்பர்க் மலையுச்சியின் பசால்ட் எரிமலைக் குழம்பு. குழம்பாக இருந்த கல்லில் சிப்பி இருக்காது. கருங்கல்லில் படிவம் கண்டதாக யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதனால்தான்.

கடல் படிவம் தரும் பாறை வேறு. வடக்கே ஸூலுலாந்தில் மக்கத்தினி சமவெளி முதல் செயிண்ட் லூசியா ஏரிக்கரை வரை கிரெட்டேசியஸ் காலக் கடல் படிவுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு வரை அங்கே அலையடித்தது. இம்டுபாடுபா அருகே உலோவாவில் அதைவிட மிக இளைய சிப்பிப்பாறை உண்டு. சுறாப்பல்லுக்குப் பேர் போனது. நீங்கள் போன இம்ஸாம்பாவும் கிரெட்டேசியஸ்தான், எட்டுக் கோடி ஆண்டுக்குச் சற்று மேல். ஆகவே உங்கள் பிள்ளைகள் நின்ற இடம் சரியான இடம். வட்டக் கல்லைச் சட்டென்று ஒதுக்க முடியாது.

அரியலூர் பக்கத்து உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் இந்த ஊர்ப் பேச்சு புரியும். அங்கே சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகளில் (சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிர்கள்) பல இனங்கள் ஸூலுலாந்திலும் இம்ஸாம்பாவிலும் கிடைத்திருக்கின்றன. ஒரே கடலின் இரண்டு கரை என்று சொல்லலாம்.

அடுத்துச் சொல்வது கசக்கும், ஆனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் புதைபடிவம் கண்டெடுத்தவருக்குச் சொந்தமல்ல, அரசுச் சொத்து. 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், பிரிவு 35-இன்படி, அனுமதிச் சீட்டு இல்லாமல் தோண்டுவது, உடைப்பது, இடம் மாற்றுவது, சேகரிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். கடற்கரையில் உதிரியாகக் கிடந்தது என்பதால் விதி தளராது. தற்செயலாகக் கண்டால் பாரம்பரிய அமைப்புக்கோ, அருகிலுள்ள உள்ளாட்சி அலுவலகத்துக்கோ, அருங்காட்சியகத்துக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட கல்லைப் பயந்து டர்பன் கடலில் வீசிவிடாதீர்கள். இம்ஸாம்பா படிவம் டர்பன் மணலில் கிடந்தால் நாளை பார்ப்பவரும் ஏமாறுவார். எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று நினைவிருக்கும்போதே எழுதி, கல்லோடு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். இனிமேல் ‘பொறுக்குவது’ என்றால் கண்ணாலும் கேமராவாலும்தான். கீழே சொல்லும் சோதனைகளில் கல்லுக்குச் சேதமில்லாமல் செய்யக்கூடியவையே அதிகம்.

இனி அடையாளம். ஏமாற்றத்துக்கெல்லாம் மூலம் ‘மாதிரி இருக்கிறது’ என்ற பேச்சு. முட்டை மாதிரி, ஆமை மாதிரி, எலும்பு மாதிரி. வெளி உருவம் ஒத்திருப்பது சான்றே அல்ல. அலை உருட்டினால் எந்தக் கல்லும் முட்டையாகும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது வளர்ந்ததா, தேய்ந்ததா? உயிர் ஒரு விதிப்படி வளரும். சிப்பியின் ஓரம் வருடா வருடம் வரிவரியாகக் கூடும். சுருள் ஒழுங்காக அகலும். எலும்பில் துளைகள் ஒரு போக்கில் ஓடும். அந்த ஒழுங்கு மேற்பரப்பில் மட்டுமல்லாமல் உடைந்த முகத்திலும், உள்ளேயும் தொடரும். தேய்ந்த கல்லில் உருவம் தோலோடு நின்றுவிடும்.

இதை வைத்து உங்கள் வட்டக் கல்லுக்கு வருவோம்.

விரல் நகத்தை ஒரு வரிப்பள்ளத்தில் வைத்து அதையே பிடித்துக்கொண்டு நகர்த்துங்கள். நகம் சுற்றிவந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் அது வளையம், சுருள் அல்ல. டொலரைட் வெயிலிலும் மழையிலும் வெங்காயம் உரிவது போல உரியும். அதன் வளையங்கள் எல்லாம் மூடிய வட்டங்கள். இரும்புக்கறை படிந்த மணற்கல்லின் பட்டைகளும் அப்படித்தான். நகம் சுற்றச் சுற்ற மையத்தை நோக்கி உள்ளே போனால் அது சுருள், மேற்கொண்டு பார்க்கத் தகுந்தது.

சுருள் என்றால் எந்தச் சுருள்? மேசையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நத்தைச் சுருள் ஒரு பக்கம் கோபுரமாக எழும்பும். அம்மோனைட்டு பெரும்பாலும் தட்டையாகவே சுருளும். இரண்டு முகமும் ஒன்று போல நடுவில் குழிந்திருக்கும். ஒரு முகம் மட்டும் தட்டையாக, மெல்லிய பழுப்புச் சுருளோடும், மறுமுகம் புடைத்து வழவழப்பாகவோ முடிச்சு முடிச்சாகவோ இருந்தால், அது இன்றும் உயிரோடிருக்கும் டர்போ நத்தையின் வாய்மூடி. கடற்கரையில் ‘படிவம்’ என்று மகிழ்ச்சியோடு எடுக்கப்படுபவற்றில் இந்த மூடிக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

அடுத்து ஓரத்தையும் பக்கங்களையும் நனைத்து, லூப் வைத்துப் பாருங்கள். நகைக்கடையில் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த 10 மடங்கு லூப் போதும். லூப்பைக் கல்லின் மேல் பிடிப்பது தவறு. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தெளிவு வரும்வரை கல்லைக் கண்ணருகே கொண்டு வாருங்கள், ஏறத்தாழ 2.5 செ.மீ தூரத்தில் பிடிபடும். அம்மோனைட்டின் ஓடு உள்ளே அறை அறையாகத் தடுக்கப்பட்டது. அந்தத் தடுப்புச் சுவர் ஓட்டோடு சேரும் கோடு, மேல் ஓடு உதிர்ந்த இடத்தில் நெளிநெளியாக, சிக்குக் கோலத்தைச் சுருக்கிப் போட்டது போலத் தெரியும். அந்தக் கோடு கிடைத்தால் வழக்கு முடிந்தது. எந்தக் கல்லும் தானாக அப்படி வரைந்துகொள்ளாது. நெளியாமல் மெல்ல வளைந்த எளிய கோடு என்றால், அம்மோனைட்டின் உறவாகி இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸ் வகை. கோடே இல்லை என்றாலும் உடனே கைவிட வேண்டாம். கடைசி அறையில் உயிர் குடியிருந்தது. அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. உடைந்து கிடைத்த துண்டு அந்தப் பகுதியாக இருந்தால் விலா போன்ற வரிகள் மட்டுமே இருக்கும். அந்த விலாக்கள் மையத்திலிருந்து ஓரத்துக்கு, ஆரக்கால் போல, ஒழுங்கான இடைவெளியில் போகிறதா என்று பாருங்கள்.

வீட்டுப் பூஜை அலமாரியில் சாளக்கிராமம் இருந்தால் இதற்கு நல்ல பாடப்புத்தகம் அதுதான். காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கறுப்பு உருண்டையில் ‘சக்கரம்’ என்று வணங்குவது ஜுராசிக் கால அம்மோனைட்டின் பதிவு. உருண்டை இரண்டாகப் பிளக்கும்போது ஒரு பாதியில் உரு, மறுபாதியில் அதன் எதிர்ப்பதிவு. விலாக்கள் எப்படி ஆரமாக ஓடும் என்பதை அதில் கண்ணாரப் பார்த்துக்கொள்ளலாம். (வினிகர் சோதனையை மட்டும் அதன்மேல் செய்துவிடாதீர்கள், பாட்டி மன்னிக்கமாட்டார்.)

சாளக்கிராமம் இன்னொன்றையும் காட்டுகிறது: படிவம் என்றால் ஓடே கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஓடு கரைந்துபோய், உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாகி நிற்பது மிகச் சாதாரணம். மட்டியின் இந்த உள்வார்ப்பு வழவழப்பாக, கிட்டத்தட்ட இதய வடிவில் இருக்கும். வெளி வரி எதுவும் இராது. அதனாலேயே கூழாங்கல் என்று நினைத்து எல்லோரும் தாண்டிப் போவார்கள். இரண்டு பாதியும் சேரும் விளிம்புக் கோடு சுற்றிலும் ஓடுகிறதா, உச்சியில் இரண்டு கொம்பு எதிரெதிரே வளைந்திருக்கிறதா, மேற்பரப்பில் தசை ஒட்டிய வட்டத் தழும்பு மங்கலாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் கூழாங்கல் அல்ல.

முழுச் சிப்பியில் சமச்சீர் எங்கே விழுகிறது என்பதும் உதவும். மட்டியில் இரண்டு ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். தனி ஓடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மட்டி போலவே இரண்டு ஓடு கொண்ட, ஆனால் வேறு இனமான பிராக்கியோபாடில் நேர்மாறு: தனி ஓட்டை நடுவில் மடித்தால் இரு பாதியும் பொருந்தும், ஆனால் மேல் ஓடும் கீழ் ஓடும் வேறு வேறு. கேப் பக்கம் பொக்கெவெல்ட் பாறைகளில் சுமார் 40 கோடி ஆண்டுப் பிராக்கியோபாடுகளும் டிரைலோபைட்டுகளும் (அழிந்துபோன, கணுக்கணுவான உடல் கொண்ட கடல் உயிர்கள்) உண்டு. அங்கே இந்த விதி நன்றாக உதவும். இங்கே கிழக்குக் கரையில் பெரும்பாலும் மட்டிதான். சிப்பிவகை ஆய்ஸ்டர் இரண்டு விதிக்கும் அடங்காது. அது ஒட்டிய பாறைக்கு ஏற்றபடி கோணல்மாணலாக வளரும். கடல் முள்ளெலி என்றால் ஐந்து. ஐந்து இதழ், ஐந்து பட்டை. அதன் உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்தால் சிறு சிறு தட்டைகள் கண்ணாடிச் சில்லு போலப் பளிச்சிடும். அதன் ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கால்சைட் படிகம் என்பதால் அப்படி.

துளைக்கல்லுக்கு மூன்று விடை உண்டு, மூன்றும் இந்தக் கடற்கரையில் சாத்தியம். துளைகள் காலியாக, வாய் குறுகி உள்ளே குடுவை போல அகன்றிருந்தால், இன்றைய துளைமட்டி மென்மையான பாறையைக் குடைந்தது. பழமை ஒன்றும் இல்லை. துளைகள் உருண்டையாகவோ பாதாம் வடிவிலோ, ஒன்றோடொன்று சேராமல், கண்டபடி அளவு மாறி இருந்தால், குழம்பில் மாட்டிய வாயுக்குமிழி, கல் பசால்ட். சில குமிழிகளில் வெள்ளைக் கனிமம் நிரம்பிப் பல் போலத் தோன்றி ஏமாற்றும். மூன்றாவதுதான் இம்ஸாம்பாவின் சிறப்பு: கல்மரம். கடலில் மிதந்த மரக்கட்டையைக் கப்பல்புழு குடைந்து, பிறகு கட்டையே கல்லானது. இதில் துளைகள் காலியாக இருக்காது, கல்லால் நிரம்பியிருக்கும். விரல் தடிமனுக்கு உட்பட்ட குழாய்கள் நெருக்கமாக வளைந்து வளைந்து போனாலும் ஒன்றையொன்று வெட்டாது. புழுக்கள் அடுத்தவர் குழாயைத் தவிர்த்துத்தான் குடையும். குழாய்களுக்கு இடையே நனைத்துப் பார்த்தால் மரத்தின் நார்ப்போக்கு தெரியும். பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் இப்படிக் கடல் படிவுக்குள் புதைந்ததுதான்.

முட்டைக் கல்லுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். உருண்ட கூழாங்கல், அல்லது ட்வைக்காவிலிருந்து உதிர்ந்தது. ஸூலுலாந்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே சேற்றுக்கல்லில் விளையும் சுண்ணாம்பு உருண்டைக் கட்டிகளின் உள்ளே அம்மோனைட்டு இருக்கும். உடைத்துப் பார்க்கும் ஆசை வரும். அனுமதி இல்லாமல் உடைப்பது மேலே சொன்ன சட்டப்படி குற்றம், சுத்தியல் அடியில் படிவமும் குறுக்கே பிளந்துவிடும்.

பெரணிக் கோடு மாங்கனீசு. விரிசலுக்குள் நீர் ஊறி, மாங்கனீசு ஆக்சைடு கிளைகிளையாகப் படிந்தது. நடு நரம்பு இல்லை, தண்டு இல்லை, கோட்டுக்குக் கனமும் இல்லை. விரிசல் முகத்தில் மட்டும் இருக்கும். கல்லின் அடுக்குக்குள் போகாது.

இவை தவிர டர்பன் பிளஃப் மணற்பாறையில் எலும்பு போலவும் குழாய் போலவும் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் குச்சிகளைப் பலர் காட்டுவார்கள். பழைய மணல்மேட்டில் வளர்ந்த செடிகளின் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகியது அது. கிளை பிரியும்போது மெலிந்துகொண்டே போகும். எலும்பு அப்படி மெலியாது. துறைமுகப் பக்கம் கிடக்கும் கறுத்த, நுரைத்த, லேசான கட்டிகள் கரி எரிந்த கசடு.

சோதனைகளில் வினிகருக்கு இருக்கும் பேர் அதன் தகுதிக்கு மேல். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஏறத்தாழ 5 சதவீத அமிலம். சுண்ணாம்பில் ஒரு சொட்டு விட்டால் மெல்லக் குமிழியிடும். கத்தி முனையால் சுரண்டிய தூளில் விட்டால் தெளிவாகத் தெரியும். ஆனால் இது சொல்வது ‘சுண்ணாம்பு’ என்பதை மட்டுமே. நேற்றுச் செத்த சிப்பியும் குமிழியிடும். சிமெண்டுத் துண்டும் குமிழியிடும். சிலிக்காவாக மாறிய உண்மையான படிவம் அசையாது. படிவத்தின் மேல் விட்டால் நுணுக்கமான வரிகள்தான் முதலில் கரையும். நீச்சல்குள அமிலம் பக்கமே போக வேண்டாம்.

எடையும் கன அளவும் அதைவிட நேர்மையான சாட்சி. கல்லுக்கும் கெடுதல் இல்லை. சமையல் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை முதலில் தனியே நிறுத்துக்கொண்டு, பிறகு நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எத்தனையோ அத்தனை கன சென்டிமீட்டர் கல்லின் பருமன். 162 கிராம் கல் 60 காட்டினால் 162-ஐ 60-ஆல் வகுக்க 2.7. சுண்ணாம்புக்கல்லும் குவார்ட்ஸும் 2.6 முதல் 2.7 வரை வரும், டொலரைட் 2.9 அல்லது 3 பக்கம் போகும். இரும்புக் கனிமம் மிகுந்த கல் 3-ஐத் தாண்டும். இன்றைய பவளத் துண்டும் கரிக்கசடும் பெரும்பாலும் 2-க்குக் கீழே நிற்கும். கல் அடியில் தட்டினால் கணக்கு கெடும். துளையுள்ள கல் நீர் குடித்து எண்ணை மாற்றும். குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிட்டு, மேலே துடைத்து, மறுபடி நிறுங்கள்.

சிப்பி பழையதா புதியதா என்பதற்கு அதன் வாயைப் பாருங்கள். உள்ளே மணல் உதிர்ந்தால் புதியது. ஊசியால் கிளறியும் அசையாத கல் நிரம்பியிருந்தால் பழையதாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று நிறுத்துவதற்குக் காரணம், நம் கடற்கரைப் பாறை சில பத்தாண்டுகளிலேயே சுண்ணாம்பால் இறுகக்கூடியது. அதே கல்லில் கண்ணாடிச் சில்லோ செங்கல் துணுக்கோ ஒட்டியிருந்தால் விடை தெரிந்துவிட்டது. நிறத்தை நம்பவே வேண்டாம். சுறாப்பல் கறுத்திருப்பது மண்ணின் இரும்பும் மாங்கனீசும் ஏறியதால். வெள்ளைப் பல் பெரும்பாலும் இன்றைய சுறா உதிர்த்தது என்பது மட்டும் ஓரளவு பொருந்தும். பல்லுக்கு நிச்சயமான அடையாளம், பளபளக்கும் மேற்பகுதியும் மங்கிய துளைத்துளையான வேரும் சந்திக்கும் எல்லைக்கோடு. கறுத்த முக்கோணக் கல்லில் அந்த எல்லை இருக்காது. எலும்பை நாக்கில் ஒட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். களிமண் கல்லும் நாக்கில் ஒட்டும், கடற்கரை அழுக்கும் சேர்ந்து வரும்.

பார்க்கப் போகும் நேரம் முக்கியம். இம்ஸாம்பா படுகை வற்றத்தில்தான் நன்றாக வெளிப்படும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாள் கடல் அதிகம் வற்றும். இந்தக் கரையில் அந்த நாட்களின் பகல் வற்றம் காலை 10 மணியை ஒட்டி வரும். ஒன்றரை மணி முன்னதாகப் போய், நீர் திரும்பியதும் ஏறிவிடுங்கள். அலைக்கு முதுகு காட்டிக் குனிய வேண்டாம். உச்சி வெயில் பள்ளம் மேடுகளை மறைக்கும், அதனால் ஒரு டார்ச் கொண்டுபோய், நிழல் விழும்படி கையால் மறைத்து, பக்கவாட்டில் தாழ்வாக அடித்துப் பாருங்கள். மங்கிய விலா வரிகள் அப்போதுதான் எழுந்து தெரியும். படம் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, கல்லை மட்டும் ஒன்று, சுற்றியுள்ள பாறையோடு ஒன்று, பத்தடி தள்ளி நின்று ஒன்று என்று மூன்று எடுங்கள். போனிலிருந்து இடக்குறியீட்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நான்கில் முட்டையும் பெரணியும் வெறும் கல் என்று இப்போதே சொல்லலாம். துளைக்கல்லின் துளைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். வட்டக் கல்லை நனைத்து, டார்ச்சைத் தாழ்த்தி அடித்து, ஓரத்தில் நெளிகோடு விழும்படி ஒரு படம் எடுத்து, அருங்காட்சியகத்துக்குப் போகும்போது கல்லோடு அதையும் கொண்டு போங்கள்.